கேட்காமல் எடுக்கும் உரிமை

இனோசி வந்துவிட்டுப் போனால் லெமெகியின் வீட்டில் ஏதாவது ஒன்று குறையும். அடுப்பில் கொதிக்கிற மீன்சட்டியாக இருக்கலாம், கொடியில் காய்கிற சுலு வேட்டியாக இருக்கலாம். ஒருமுறை ரக்பி ஆட்டத்தின் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு அணியும் சமமாக நிற்கிற நேரம் பார்த்து ரேடியோவைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படகுக்கு ஓடினான். ரேடியோ தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டே போனது. லெமெகி கரை வரைக்கும் துரத்தினான்.

"டேய், தண்ணி இறைச்சவன் பேரனே! ஆட்டம் முடியட்டும்டா!"

"யாரு ஜெயிச்சான்னு அடுத்த வாரம் வந்து சொல்றேன் தௌ! உங்க ஊருக்கு அவ்வளவு அவசரமா என்ன தெரியணும்?"

இரண்டு பேருக்கும் தௌவு முறை. லெமெகியின் ஊரான வுனிதவோலாவின் மூதாதையும் இனோசியின் தீவான நுகுசேவாவின் மூதாதையும் ஒரே தோணியில் வந்த அண்ணன் தம்பிகள். யார் அண்ணன் என்பதுதான் இன்றுவரை தீராத வழக்கு. எங்கள் ஆள் துடுப்பு வலித்தான், உங்கள் ஆள் ஓட்டைத் தோணியில் தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்தான் என்று இரண்டு ஊரும் சொல்லும். அந்த முறைப்படி ஒருவன் பொருளை மற்றவன் கேட்காமல் எடுக்கலாம். பறிகொடுத்தவன் வாய் வலிக்கத் திட்டலாம், துரத்தலாம், தேங்காய் மட்டையை வீசலாம். கோபப்படக் கூடாது. திருப்பிக் கேட்கவே கூடாது. சமயம் பார்த்துப் போய் அதைவிடப் பெரிதாக ஒன்றை எடுத்து வர வேண்டும். மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் பக்கத்தில் வர முடியாது.

ரேடியோவுக்குப் பதிலாக லெமெகி எடுத்து வந்தது இனோசியின் செருப்பை. அதுவும் சனிக்கிழமை சாயங்காலம். இனோசி அவன் ஊர்க் கோவிலில் பிரசங்கம் செய்கிறவன். மறுநாள் கழுத்தில் டையும் இடுப்பில் கறுப்பு சுலுவும் கட்டி, வெறுங்காலோடு மேடையேறி, "வுனிதவோலாவில் உள்ள அந்தக் கோணப்பல் திருடனை மன்னியும் ஆண்டவரே, அவன் பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான்" என்று கண்ணை மூடி ஜெபித்தானாம். அந்த ஜெபம் அன்று மாலைக்குள் இரண்டு ஊருக்கும் பரவிவிட்டது.

லெமெகியின் மனைவி லைசானிக்கு மட்டும் இந்தக் கூத்து பிடிக்காது. "அந்தப் பாவி வர்றான்னு முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நல்ல சட்டியையாவது மறைச்சு வைப்பேன்ல?" என்பாள். மறைத்து வைத்த சட்டியைத்தான் இனோசி முதலில் எடுப்பான்.

லெமெகி பள்ளிப் படிப்பை எட்டாவதோடு விட்டவன். கொப்பரை வெட்டினான், பிறகு சூரைமீன் பிடிக்கிற பெரிய கப்பலில் சில வருடம் போனான். தோள்பட்டை கெட்டுப்போய் ஊர் திரும்பியபோது ஊர்க்கடல் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. இரவில் விளக்கோடு வந்த வெளியூர்ப் படகுகள் கடல் அட்டையை முழுக்க வழித்துக்கொண்டு போயிருந்தன. சின்ன வயதில் இடுப்பளவு தண்ணீரில் காலில் இடறிய களவாமீன் இப்போது கண்ணில் படவே இல்லை. ஊர்க்கடலின் பவளத்திட்டான லோமா பாரின் மேல் தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பார்த்தால் வெறும் பவளமும் நாலைந்து கிளிமீனும்தான்.

ஊர் கூடிப் பேசி லோமா பாரைத் தம்பு, அதாவது யாரும் தொடக்கூடாத இடம், என்று மூடியது. மூடுவது புதிதல்ல. தலைவர் இறந்தால் மூடுவார்கள், நூறாம் இரவு விருந்துக்குத் திறப்பார்கள். ஆனால் இந்த முறை ஊர்ப்பேச்சோடு நிறுத்தாமல் சட்டத்தையும் துணைக்குக் கூப்பிட்டார்கள். கடலடி மண் அரசாங்கத்துடையது, அதன்மேல் மீன் பிடிக்கிற உரிமை ஊருக்குரியது. ஊர் ஒப்புக்கொள்ளாமல் வலை போட்டால் போலீஸ் பிடிக்கலாம், படகை எடுத்துக்கொண்டு போகலாம். இதைக் கண்காணிக்க ஊரில் ஒருவனுக்கு மீன்வளத்துறை பயிற்சி கொடுத்து அடையாள அட்டை தரும். யார் போவது என்று கேட்டபோது லெமெகி கையைத் தூக்கினான்.

அட்டையோடு ஒரு ஆரஞ்சு மேல்சட்டையும் கொடுத்தார்கள். அதைக் கழற்றவே அவனுக்கு மனம் வராது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக்கூட அதைப் போட்டுக்கொண்டு போனான்.

"பப்பாளி நல்லாப் பழுத்திருக்கு" என்றான் அதை முதன்முதலில் பார்த்த இனோசி. "யாராவது பறிச்சுடுங்கப்பா, காக்கா கொத்திடப் போகுது."

"வாயை மூடுடா. நான் நெனச்சா உன்னை உள்ள வைக்கலாம், தெரியுமா?"

"எங்க, வை பாப்போம். உள்ள சோறாவது கிடைக்கும். உன் வீட்டுல என்ன கிடைக்குது?"

ஊர்க் கூட்டத்தில் விதிகளைப் படித்துச் சொன்னவன் லெமெகிதான். "லோமா பார்ல யாரா இருந்தாலும் வலை போடக்கூடாது. உள்ளூர், வெளியூர், யாரா இருந்தாலும்." எல்லாரும் தலையாட்டினார்கள். யங்கோனா வேரைக் கரைத்த கோப்பை சுற்றி வந்தது. 'யாரா இருந்தாலும்' என்பதில் தௌவும் அடக்கமா என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தம்புவைத் தௌவு உடைத்தால் அது அந்தப் பக்கத்தில் குற்றமாகாது, கூத்துதான். மழைக்குத் தடை போடுவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

இரண்டு வருடத்தில் லோமா பாரில் மீன் திரும்பியது. முதலில் ஓரா, பிறகு விளைமீன், கடைசியில் களவா. லெமெகி தினமும் காலையில் படகை எடுத்துக்கொண்டு போய்த் தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்துவிட்டு வருவான். வந்து லைசானியிடம் சொல்வான். அவள் கேட்கிறாளா இல்லையா என்பது அவனுக்கு முக்கியமில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊர்த்தலைவர் காலமானார். லோமா பாரின் தம்பு இன்னும் இறுகியது. நூறாம் இரவு விருந்துக்குத்தான் திறக்க வேண்டும், அதுவும் தலைவர் குடும்பத்து மீனவர் கையால். அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் வசேமதா அகப்பட்டாள். லெமெகியின் பங்காளி வீட்டு விதவை. நண்டு பிடிக்கப் போனவள் பாரின் ஓரத்தில் சின்ன வலையை விரித்துவிட்டாள். நாலு ஓராமீன். குழம்புக்கு.

"வசேமதா, வலையைக் குடு."

"லெமெகி, வெளையாடாத. மழையில தோட்டம் போயிடுச்சு. வீட்டுல வெறும் மரவள்ளிதான்."

"யாரா இருந்தாலும்னு சொன்னேன்ல? உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வருவாங்க."

வலையைச் சுருட்டி அவன் எடுத்துக்கொண்டான். மீனை மட்டும் அவளிடமே விட்டான். அவள் கரையில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "சட்டமாம் சட்டம்! என் சட்டியத் தவிர வேற எங்கயும் எட்டிப் பாக்காத சட்டம்!"

பத்துப் பேர் சிரித்தார்கள். லெமெகி சிரிக்கவில்லை. அந்தச் சொல் அவன் மேல்சட்டைக்குள் போய் முள்ளாக உட்கார்ந்துகொண்டது.

இனோசி இழவு கேட்க வருவதற்குத் தாமதமாகிவிட்டது. அவன் படகு எஞ்சினுக்கு ஏதோ உதிரிபாகம் நகரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. ஒருநாள் காலை, வெயில் நன்றாக ஏறின பிறகு, நுகுசேவா படகு தெரிந்தது. நேரே கரைக்கு வர வேண்டியது திரும்பி லோமா பாரின் மேல் நின்றது. இனோசி எழுந்து நின்று வலையை வீசினான். இழுத்தான். ஒரு பெரிய களவாவைச் செவுளில் பிடித்து ஊரைப் பார்த்து உயர்த்திக் காட்டினான்.

"அடேய் வுனிதவோலா! உங்க தலைவர் மேல போயிட்டாரு! இனி அவர் பங்கு எனக்குத்தான்! அண்ணன் நாங்க, எங்க சொத்துடா, அழாதீங்கடா!"

ஊரே கரைக்கு வந்துவிட்டது. துக்கத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த ஊர் வாய்விட்டுச் சிரித்தது. கிழவிகள் சட்டியைத் தட்டிக்கொண்டு, "திருடன், திருடன், நீ வெளங்கவே மாட்ட!" என்று ஆடினார்கள். செத்துப்போன தலைவரின் தங்கையே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கடா இன்னும் வரலேன்னு பாத்தேன்" என்றாள். படகை எடுத்துக்கொண்டு போய் இனோசியைத் தண்ணீரில் முக்கியெடுத்து, மீனைப் பிடுங்கி, எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட வேண்டியதுதான் முறை. லெமெகியும் படகைத் தள்ளப் போனான்.

பின்னால் வசேமதாவின் குரல் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை.

"என் வலை எங்க, லெமெகி?"

அவன் கை படகின் மேலேயே நின்றது. பிறகு வீட்டுக்குள் போய் போனை எடுத்தான்.

விரிகுடாவின் அந்தப் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலிருந்து படகு வருகிற வரைக்கும் இனோசி போகவே இல்லை. ஏன் இன்னும் யாரும் முக்கியெடுக்க வரவில்லை என்று பார்த்துக்கொண்டு பாரின் மேலேயே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். போலீஸ் படகைப் பார்த்ததும் அவனுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, கரை வரைக்கும் கேட்டது. கையைத் தட்டினான்.

"பிரமாதம் தௌ! போலீசையே இறக்கிட்டியா! இந்த வருஷம் நீதான்டா ஜெயிச்ச! நான் ஒத்துக்கிறேன், உங்க ஊர்தான் அண்ணன், நாங்கதான் தண்ணி இறைச்சோம்!"

விலங்கு மாட்டச் சொல்லி அவனே இரண்டு கையையும் நீட்டினான். போலீஸ்காரர்களில் மூத்தவர் கரைக்கு வந்து லெமெகியிடம் கேட்டார். அவரும் இந்த முறையெல்லாம் தெரிந்த மனிதர்தான்.

"அண்ணே, இது வெளையாட்டா, புகாரா? இப்பவே சொல்லிடுங்க. படகைக் கட்டி இழுத்துட்டேன்னா அப்புறம் என் கையில இல்ல."

லெமெகி வசேமதா இருந்த பக்கம் பார்த்தான். "புகார்தான்" என்றான்.

"நடிப்பைப் பாரு, நடிப்பைப் பாரு!" என்றான் படகிலிருந்து இனோசி, தொடையில் தட்டி. சிரித்துக்கொண்டே போனான். கரையில் சட்டி தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அன்று ராத்திரி லைசானி சாப்பாட்டை லெமெகி முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கோர்ட்டு நகரத்தில். இனோசி பிரசங்கத்துக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தான். லெமெகியைப் பார்த்ததும் கண்ணடித்தான். வேடிக்கை எல்லை மீறிப் போகிறது, ஆனாலும் இன்றைக்கு இவன் முடித்துவிடுவான் என்கிற நம்பிக்கை அந்தக் கண்ணில் இருந்தது. லெமெகி துவைத்த ஆரஞ்சுச் சட்டையில் போய்ச் சாட்சிக் கூண்டில் நின்றான்.

நீதிபதி அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். "உங்க ஊர்க்கடல்ல மீன் பிடிக்க இவர் அனுமதி கேட்டாரா?"

தௌவு கேட்பதில்லை. கேட்டால் அவன் தௌவு இல்லை. கேட்காததுதான் அங்கே அனுமதி. இதைச் சொல்ல லெமெகிக்கு ஒரே மூச்சு போதும். ஆனால் இதைச் சொன்னால் நாளைக்கு ஒவ்வொருவனும் ஒரு முறையைச் சொல்லிக்கொண்டு லோமா பாருக்கு வருவான் என்று நினைத்தான். களவா திரும்பி வந்த அந்தப் பாரை நினைத்தான். வசேமதாவின் சட்டியையும் நினைத்தான்.

"கேக்கல."

"வேற ஏதாவது சொல்லணுமா? உங்களுக்குள்ள வழக்கம், முறை, அப்படி ஏதாவது இருந்தா தாராளமா சொல்லலாம்."

"ஒண்ணும் இல்ல அம்மா."

இனோசியின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. என்ன நடந்தது என்று புரிந்த பிறகு, மெதுவாக, அணைக்கிற விளக்குத் திரி மாதிரி இறங்கியது. நீ என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கேட்டதற்கு அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நான் கேட்டிருக்கணும் அம்மா. தப்புதான்."

அபராதம் போட்டார்கள். வலை போயிற்று. மீன்பிடி உரிமம் அடுத்த வருடம் வரைக்கும் இல்லை. வெளியே படகுத்துறையில் லெமெகி அவன் பின்னாலேயே ஓடினான்.

"தௌ, டேய், நில்லுடா. சட்டம்னு வந்தப்புறம் நான்..."

இனோசி நின்றான். கையை நீட்டி லெமெகியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "பரவாயில்ல லெமெகி. நீங்க உங்க வேலையைத்தானே செஞ்சீங்க."

நீங்க. அவர்கள் பழகின இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை லெமெகி அவன் வாயிலிருந்து கேட்டதில்லை.

நூறாம் இரவு விருந்துக்கு லோமா பாரைத் திறந்தார்கள். வலையை இழுக்க ஆள் போதவில்லை, அத்தனை மீன். வந்த விருந்தாளிகள் எல்லாரும் லெமெகியின் முதுகில் தட்டினார்கள். நுகுசேவாக்காரர்களும் வந்தார்கள். தலைவரின் நூறாம் இரவில் மண்ணடுப்பைத் தோண்டிப் பன்றியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர்கள் அவர்கள். அன்று மன்னிப்புக்குக் கொடுக்கும் திமிங்கலப் பல்லைக் கையில் ஏந்தி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எங்கள் ஊர் ஆள் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முறைப்படி சொன்னார்கள். பரிமாறியதைச் சாப்பிட்டார்கள். நன்றி சொன்னார்கள். பொழுதோடு கிளம்பிவிட்டார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் பன்றி யாரும் தொடாமல் முழுசாகக் கிடந்தது. அதை யார் வெட்டுவது என்றே அந்த ஊருக்குத் தெரியவில்லை.

மறுநாள் கரையில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்த வசேமதாவிடம் லெமெகி அவளுடைய வலையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். எதையோ சரிக்கட்டுகிற மாதிரி, "உனக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயம்னு நான் பாக்கல, பாத்தேல்ல?" என்றான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"லெமெகி, நான் அன்னிக்கு என்ன கேட்டேன்?"

"வலை எங்கன்னு கேட்ட."

"ஆமா. என் வலையைக் குடுன்னு கேட்டேன். அவனே வந்து பிடிக்கிறான், எல்லாரும் சிரிக்கிறாங்க, எனக்கும் விட்டுடுன்னு கேட்டேன். அவனைப் பிடிச்சுக் குடுன்னா கேட்டேன்?" குடலை வழித்துத் தண்ணீரில் எறிந்தாள். "நானும்தான் சட்டியத் தட்டலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

அதற்குப் பிறகு இனோசி ஒரு தடவை வந்தான். ஊர் எல்லையில் நின்று, முன்பின் தெரியாதவன் மாதிரி ஒரு கட்டு யங்கோனா வேரைக் கொடுத்தனுப்பி, உள்ளே வரலாமா என்று கேட்டான். லெமெகி அவன் வருவது தெரிந்து, புதிதாக வாங்கின தார்ப்பாயைக் கரையில் ஆளில்லாமல் விரித்துப் போட்டிருந்தான். எடுத்துப் போ என்று கையில் கொடுத்த மாதிரி இருந்தது. வீட்டுக்குள் ஒளிந்து நின்று சன்னல் வழியாகப் பார்த்தான். இனோசி தார்ப்பாயைக் குனிந்து எடுத்தான். லெமெகி திட்டுவதற்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டான். இனோசி அதை நாலாக மடித்து வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தான்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. நனைஞ்சுடும்னு எடுத்தேன். எங்க வைக்கட்டும்?"

அதன் பிறகு லெமெகி பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். படகை எடுத்துக்கொண்டு தனியாக நுகுசேவாவுக்குப் போனான். தூரத்திலிருந்தே கத்த ஆரம்பித்தான்.

"அடேய் தண்ணி இறைச்சவனுங்களா! உங்க அண்ணன் வந்திருக்கேன்! இருக்கிறதையெல்லாம் ஒளிச்சு வைங்கடா!"

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "வாங்க" என்றார்கள். வழியை விட்டார்கள்.

லெமெகி நேராக இனோசியின் வீட்டுக் கொல்லைக்குப் போய்ப் பன்றிப்பட்டியில் குதித்தான். தோள்பட்டை வலித்தது. ஒரு குட்டியைப் பின்னங்காலில் பிடித்தான். அது ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது. இனோசியின் மனைவி மெரே வெளியே வந்தாள். இவள் ஒரு காலத்தில் விறகுக்கட்டையால் லெமெகி முதுகில் போட்டவள். இப்போது கையைத் துடைத்துக்கொண்டு, "சேறா இருக்கு, பாத்து வாங்க" என்றாள்.

"தூக்கிட்டுப் போறேன்டி உன் பன்னியை! என்ன செய்வ?"

"கயிறு தர்றேன் இருங்க. கால் கட்டாம படகுல வெச்சா குதிச்சுடும்."

அவளே வந்து கட்டினாள். இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தாள். அதற்குள் இனோசி தோட்டத்திலிருந்து வந்துவிட்டான். கையில் மண். லெமெகியையும் அவன் கையிலிருந்ததையும் பார்த்தான். ஒரு நொடி, ஒரே நொடி, அவன் உதட்டோரத்தில் ஏதோ துடித்த மாதிரி லெமெகிக்குத் தெரிந்தது. அது வெயிலாகவும் இருக்கலாம்.

"அது சின்னக் குட்டி லெமெகி. வீட்டுல ஏதும் விசேஷமா? பெரிசா ஒண்ணு இருக்கு, அதை எடுத்துக்குங்க."

"டேய் இனோசி. திட்டுடா."

"உங்களை நான் எதுக்குத் திட்டப் போறேன்?"

"நான் திருடுறேன்டா. உன்கிட்ட கேக்காம எடுக்குறேன்."

"தாராளமா எடுத்துக்குங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றான் இனோசி, உண்மையான மரியாதையோடு. அதில் குத்தல் இருந்தால்கூட லெமெகி பிடித்துக்கொண்டிருப்பான். இல்லை.

குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு லெமெகி கரைக்கு நடந்தான். வேண்டுமென்றே மெதுவாக நடந்தான். முதுகில் ஒரு தேங்காய் மட்டை வந்து விழட்டும் என்று முதுகை அகலமாகக் காட்டிக்கொண்டு நடந்தான். இனோசி பக்கத்திலேயே வந்தான். அலையில் ஆடாமல் படகைப் பிடித்துக்கொண்டான். லெமெகி ஏறி உட்கார்ந்ததும் தள்ளிவிட்டான்.

"வெளிய காத்து அடிக்குது. பாத்துப் போங்க."

எஞ்சினைப் போட்ட பிறகு லெமெகி ஒருமுறை திரும்பிப் பார்த்தான். விருந்தாளி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நிற்க வேண்டும் அல்லவா, இனோசி நின்றான். ஒரு கையைத் தூக்கியபடி நின்றான். படகின் அடியில் பன்றிக்குட்டி கட்டின காலை உதைத்துக்கொண்டு, வுனிதவோலா கரை தெரிகிற வரைக்கும் வாயை மூடாமல் கத்திக்கொண்டே வந்தது. அன்றைக்கு லெமெகியைத் திட்டியது அது ஒன்றுதான்.